ரேஞ்சு எட்டும் தூரம்

எங்கள் ஊரில் ‘சிக்னல் இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டவர் எடுக்கல’ என்பதும் வெளியூர்ப் பேச்சு. ‘ரேஞ்சு இல்ல’ என்போம். மலையாளக் கரையில் புழங்கும் சொல், எல்லை தாண்டி எங்களிடமும் தங்கிவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது போன் திரையின் மூலையில் தெரியும் நாலு கோடு. இனயத்துக்காரனுக்கு அது தூரம். கரையை விட்டு எவ்வளவு போனால் வீட்டிலிருந்து வரும் குரல் அறுபடும் என்கிற கணக்கு.

இனயம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஆழ்கடல் மீனவர்களின் ஊர்கள் நீரோடி வரை வரிசையாகப் போகும். அதற்கப்புறம் கேரளம். 2016 ஜூலையில் இங்கே ஒரு பெருந்துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோதுதான் வெளியே பலரும் இனயம் என்ற பெயரைக் கேள்விப்பட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் இடம் மாறியது, பெயரும் செய்தியிலிருந்து மறைந்தது.

நான் கடலுக்குப் போகாதவன். என் அப்பா வரை போனவர்கள். கைபேசி இந்தக் கரைக்கு வந்த கதையைப் பொருளாதார நூல்களில் ஒருவிதமாக எழுதியிருக்கிறார்கள். மீன் விலை சீரானது, மீனவன் லாபம் கண்டான் என்று. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதை கோபுரத்தின் ரேஞ்சு முடியும் இடத்தில் முடிந்துவிடுகிறது. எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் பிழைப்பு அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

மணியும் மைக்கும்

கைபேசிக்கு முன்பு இந்தக் கரையில் செய்தி எப்படிப் போனது? கோயில் மணி அடிக்கும். அடிக்கும் விதத்திலேயே பூசையா, சாவா, கடலில் ஆபத்தா என்று தெரிந்துவிடும். பிறகு மைக் வந்தது. ‘இன்னார் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்திருக்கிறது, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள்’ என்பதைக்கூடக் கோயில் மைக்கில் சொன்ன காலம் உண்டு. ஊரே கேட்கும். அந்த வீட்டு மயினி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடுவதை ஊரே பார்க்கும்.

கடலில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. காலையில் கரைக்கு வரவேண்டிய வள்ளம் மதியம் வரை வரவில்லையென்றால் பெண்கள் மணலில் வந்து உட்கார்வார்கள். வந்து சேர்ந்த வள்ளக்காரர்களிடம் கேட்பார்கள். ‘விடியக்காலம் மேக்க நின்னாவ, பாத்தோம்’ என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டுவார்கள். அப்படித்தான் எங்கள் கரையில் தகவல் பரவியது, ஆள் மாறி ஆள், படகு மாறிப் படகு. வெகுகாலம் கழித்து ஒக்கிப் புயலின்போதும் நடுக்கடலில் இந்த முறைதான் உதவிக்கு வந்தது.

எண்பதுகளின் கடைசியில் மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி கடைகள் வந்தன. எங்கள் பகுதிக்குக் குழித்துறையின் குறியீட்டு எண், 04651. இரவு பதினொன்றுக்கு மேல் பேசினால் கால்வாசிக் கட்டணம் என்பதால் பாதி ராத்திரியில் கடை வாசலில் கூட்டம் நிற்கும். கொச்சியில் விசைப்படகில் வேலை செய்யும் மகனிடமிருந்து துறைமுகத்துக்கு வந்துவிட்டேன் என்று செய்தி வர வேண்டும். பெட்டிக்குள் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே பேசுவார்கள். வளைகுடாவுக்கு ஐஎஸ்டி பேச வசதியில்லாத வீடுகளில் டேப்ரிக்கார்டரில் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவரிடம் கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். பதில் கேசட் வர மூன்று மாதமாகும். அதற்குள் அதில் விசாரித்த பாட்டா இறந்திருப்பார்.

இரண்டு முதல் அழைப்புகள்

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். ஓராண்டு கழித்து, 1996 செப்டம்பர் 17 அன்று, கேரளத்தின் முதல் அழைப்பு கொச்சியில் நடந்தது. அதில் பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. மறுமுனையில் இருந்தவர் கடற்படையின் தென்மண்டலத் தலைவர் வைஸ் அட்மிரல் ஏ. ஆர். டாண்டன்.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் தோன்றியது. ‘செம்மீன்’ எழுதியவர் ஒருபக்கம், கடலைக் காவல் காப்பவர் மறுபக்கம். கடலைப் பற்றிய பேச்சில் மீனவன் மட்டும் இல்லை. விழா நடத்தியவர்களுக்கு அப்படியொரு எண்ணமே இருந்திருக்காது. ஆனால் 21 ஆண்டுகள் கழித்து எங்கள் கரையில் நடந்ததை நினைத்தால் அந்த அழைப்பு ஒரு முன்னறிவிப்பு போலத்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கைபேசி பணக்காரச் சாமான். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். கூப்பிடுகிறவர் மட்டுமல்ல, எடுக்கிறவரும் காசு கொடுக்க வேண்டும். 2003 மே மாதத்திலிருந்துதான் கூப்பிடுகிறவர் மட்டும் கட்டணம் கட்டும் முறை வந்தது. எங்கள் ஊரில் கைபேசி பரவியது அதற்குப் பிறகுதான். எடுக்கக் காசில்லை என்றதும் வாங்கினார்கள். கூப்பிடக் காசில்லாதவர்கள் மிஸ்டு கால் என்ற மொழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மிஸ்டு கால் என்றால் கரை தெரிகிறது. இரண்டு என்றால் மீன் இருக்கிறது, பெட்டியும் ஐஸும் எடுத்துக்கொண்டு வா. மூன்று என்றால் ஏதோ பிரச்சினை, நீயே கூப்பிடு. வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கு மாறும். எங்கள் அம்மாவுக்கு எண்களை வாசிக்கத் தெரியாது. மணி எத்தனை முறை அடித்து நிற்கிறது என்பது தெரியும். அது போதுமாக இருந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் பிறகும் கடலில் யாரும் கோடு போடவில்லை. எங்கள் ஆட்கள் விழிஞ்ஞத்திலும் கொச்சியிலும் முனம்பத்திலும் மீன் இறக்கினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கைபேசி வந்ததும் அந்தக் கோடு ரோமிங் கட்டணமாக வந்து நின்றது. களியக்காவிளை தாண்டினால், சில இடங்களில் தாண்டாமலே, போன் அந்நாளில் கேரளத்துக்கு உங்களை வரவேற்றுக் காசைப் பிடித்துக்கொண்டது. அதனால் எங்கள் பக்கத்தில் சட்டைப்பையில் இரண்டு போன் வைத்திருந்தது பந்தா இல்லை. ஒன்று தமிழ்நாட்டு சிம், ஒன்று கேரள சிம். பின்னால் வந்த இரண்டு சிம் போடும் போன்களை எங்கள் கரை வாங்கிக் குவித்ததற்கும் இதுதான் காரணம்.

வடகரையில் வீணான மீன்

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று உலகம் முழுக்கப் பேர் பெற்றது. வடகேரளத்தின் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளை எடுத்துக்கொண்டார். கைபேசிச் சேவை அங்கே ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997இல், கண்ணூருக்கு 1998இல், காசர்கோட்டுக்கு 2000இல் என்று படிப்படியாக வந்தது. அதனால் வருவதற்கு முன், வந்த பின் என்று ஒப்பிட அவருக்கு வாய்த்தது.

அதில் வரும் ஒரு நாள் எனக்கு மறக்காது. 1997 ஜனவரி 14. வடகரையில் 11 மீனவர்கள் சாளையை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். இவர்களுக்கு அவர்கள் இருப்பது தெரியாது, அவர்களுக்கு இவர்கள் இருப்பது தெரியாது. கைபேசி வந்த பிறகு படகிலிருந்தே இரண்டு மூன்று கரைகளுக்குப் பேசி விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்கு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் படகைத் திருப்பினார்கள். முன்பு பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகும், அது நின்றது. மீனவர்களின் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இருதரப்பும் லாபமடைந்த அபூர்வக் கதை என்பதால் பொருளியல் வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் என்ற இரு ஆய்வாளர்கள் கேரளக் கரைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. எந்தப் படகு, என்ன வலை, ஏலம் யார் கையில், கடன் யாரிடம் என்பதைப் பொறுத்துத்தான் போனின் பயன் அமைந்தது.

எங்கள் கரையில் நின்று பார்த்தால் இது புரிந்துகொள்ளக் கடினமான விஷயமில்லை. வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவர் தரகர். மீனை அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும். தேங்காய்ப்பட்டணத்தில் நூறு ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று போன் சொல்லும். படகைத் திருப்பினால் அடுத்த எஞ்சின் பழுதுக்கு யார் கடன் கொடுப்பார் என்பதைப் போன் சொல்லாது. ஒருமுறை எங்கள் மாமாவிடம் இதைக் கேட்டேன். “வெல தெரிஞ்சு என்ன செய்ய மக்களே? தெரிஞ்சா வயிறு எரியும், அவ்வளவுதான்” என்றார்.

உண்மையில் மாறியது பெண்களின் நாள். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் முன்பெல்லாம் ஒரு கரையில் மீனில்லை என்றால் அடுத்த கரைக்கு நடப்பார்கள். அங்கும் இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு சந்தேகம். இடுப்பில் சொருகிய சின்ன நோக்கியா அந்த நடையைக் குறைத்தது. “குறும்பனையில நெத்தோலி பட்டிருக்கு, வாரியா?” என்று ஒருத்தி கேட்பாள். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ பிடிப்பார்கள். கருங்கலிலும் மார்த்தாண்டத்திலும் வாடிக்கை வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இந்த லாபத்தை எந்தக் கட்டுரையும் அளந்ததாக நான் படிக்கவில்லை.

35 கிலோமீட்டர்

ஜென்சனின் ஆய்வில் போகிற போக்கில் ஒரு செய்தி வரும். கரையோரக் கோபுரங்களின் ரேஞ்சு கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் எட்டியது, அவர் ஆராய்ந்த மீனவர்கள் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்ளேயே தொழில் செய்தார்கள். கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

ஏன் அந்தத் தூரம்? முதல் காரணம் பூமி உருண்டை என்பது. 40 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கடல் 22, 23 கிலோமீட்டரில் மறைந்துவிடும். ரேடியோ அலை சற்று வளைந்து போகும் என்பதால் இன்னும் கொஞ்சம் எட்டும். எங்கள் முன்னோர்கள் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக் கடலுக்கடியில் பாறை எங்கே என்று கண்டுபிடிப்பார்கள். வெளியே போகப்போக முதலில் தென்னை மறையும், பிறகு கோயில், கடைசியில் மலை. போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதும் அதே கணக்கில்தான்.

இரண்டாவது காரணம் கணினிக்காரர்களின் கணக்கு. ஜிஎஸ்எம் என்ற பழைய முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் நொடியில் மிகச் சிறு துண்டு. தூரத்தில் இருப்பவரின் அலை கோபுரத்துக்கு வந்துசேரச் சற்று தாமதமாகும். தாமதமானால் அடுத்தவரின் துண்டில் போய் மோதும். ஆகவே கோபுரம் அந்தப் போனிடம், ‘நீ இவ்வளவு முன்னதாகவே அனுப்பு’ என்று சொல்லும். இப்படிச் சொல்ல 64 படிகள்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்கு ஏறக்குறைய 550 மீட்டர். மொத்தம் 35 கிலோமீட்டர். அதைத் தாண்டி அலை எவ்வளவு வலுவாக எட்டினாலும், வழக்கமான அமைப்பில், கோபுரம் அதைக் கணக்கில் எடுக்காது. நிலத்தில் வாழ்கிறவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. நிலத்தில் 35 கிலோமீட்டருக்குள் இன்னொரு கோபுரம் வந்துவிடும். கடலில் வராது.

35 கிலோமீட்டர் என்பது 19 கடல் மைல். இந்திய அரசின் முழு ஆட்சி எல்லை 12 கடல் மைல். மீன்வளத்தின் மீது நாட்டுக்கு உரிமையுள்ள பொருளாதார மண்டலம் 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர். நாட்டின் உரிமை 200 மைல் போகிறது. நாட்டின் குரல் 19 மைலில் நின்றுவிடுகிறது. சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் அந்த 19க்கும் 200க்கும் நடுவிலும், அதற்கு வெளியிலும் நிற்கின்றன. படகில் விஎச்எஃப் வயர்லெஸ் உண்டு. அதுவும் நேர்ப்பார்வைக்கு எட்டும் அலைதான், பக்கத்துப் படகோடு பேசலாம், கரையோடு பேச முடியாது.

கிளம்பும் படகில் இருந்து வரும் கடைசி அழைப்பை எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். “கேக்குதா? ரேஞ்சு போவுது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டீரு. ரேஞ்சு போவு…” அதோடு சரி. அடுத்த அழைப்பு மூன்று வாரமோ ஐந்து வாரமோ கழித்து. போன் அதுவரை படகில் பாட்டுப்பெட்டியாகவும் படம் பார்க்கும் பெட்டியாகவும் கிடக்கும்.

நல்லவாடு

கருவி மட்டும் இருந்தால் போதுமா என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஒரு பாடம். எங்கள் பக்கம் குளச்சலும் கொட்டில்பாடும் அன்றைக்கு இழந்ததை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அதே காலையில் புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு என்ற மீனவ ஊரில் வேறொன்று நடந்தது. அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்தவர் ஊருக்குப் போன் செய்தார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் மையம் இருந்தது. கடல் நிலவரத்தை அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதில் சொன்னார்கள். அலை ஊருக்குள் வருவதற்குள் மக்கள் வெளியேறிவிட்டார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

எச்சரிக்கை ஒரு போனில் வந்தது. ஊரைக் காப்பாற்றியது போனும் ஒலிபெருக்கியும் சேர்ந்து. ஒருவர் காதுக்குள் சொன்னதை ஊர்க் காதுக்கு மாற்ற ஓர் ஏற்பாடு, அதை நம்பும் பழக்கம், இரண்டும் அங்கே முன்பே இருந்தன. எங்கள் கரைகளில் கோயில் மைக் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கைக்குக் கை போன் வந்த பிறகு மைக்கில் சொல்வது குறைந்தது.

ஒக்கி

2017 நவம்பர் 29 அன்று தெற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுத்தது. மறுநாள் காலை அது குமரிக்கடலிலேயே புயலாக மாறியது. ஒக்கி என்று பெயர் வைத்தார்கள், வங்கதேசம் கொடுத்த பெயர், கண் என்று பொருள். ‘புயல்’ என்ற அறிவிப்பு 30ஆம் தேதி நண்பகல் வாக்கில்தான் வந்தது. வள்ளங்கள் முந்தைய மாலையே கடலுக்குப் போயிருந்தன. ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போயிருந்தன.

அரசுத் துறைகள் குறுஞ்செய்தி அனுப்பின, தொலைக்காட்சி சொன்னது. எல்லாம் கரையில் இருந்த போன்களுக்கு வந்து சேர்ந்தன. கடலில் இருந்தவர்களுக்கு ரேஞ்சு கிடையாது. வீட்டில் பெண்கள் கையில் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், அனுப்ப வழியில்லை. கரைக்கு அருகில் இருந்த சில படகுகளுக்குச் செய்தி கிடைத்து, அவர்கள் வயர்லெஸ்ஸில் அடுத்த படகுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லி, சங்கிலியாகக் கொஞ்ச தூரம் போனது. படகுக்கும் படகுக்கும் இடைவெளி கூடிய இடத்தில் சங்கிலி அறுந்தது.

அன்று பகலிலேயே கரையும் ஊமையானது. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. செல் கோபுரங்கள் பேட்டரியில் சில மணி நேரம் ஓடி நின்றன. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் பத்துப் பதினைந்து போன்களை ஒரே பலகையில் செருகிச் சார்ஜ் ஏற்றினார்கள். சார்ஜ் ஏறியவர்கள் ரேஞ்சு தேடி உள்நாட்டுச் சாலைகளில் மேடு பார்த்து நின்றார்கள். வந்துசேர்ந்த குரல்பதிவுகளில் உண்மையும் வதந்தியும் கலந்திருந்தன. இன்ன படகு லட்சத்தீவில் ஒதுங்கிவிட்டது என்று ஒன்று வரும், ஒரு தெரு முழுக்க அழுது சிரிக்கும். ஒரு மணி நேரம் கழித்து, அது வேறு படகு என்று இன்னொன்று வரும்.

டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். சிந்துதுர்க் கரையில் 68 படகுகள் ஒதுங்கியிருக்கின்றன, 952 மீனவர்கள் பத்திரம். அவற்றில் 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள். அந்தக் கணக்கைப் படித்த எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர், நம்ம ஆள் இல்லை போலிருக்கிறது என்று இன்னும் கலங்கினார்கள். கொச்சியில் தங்கித் தொழில் செய்வதால் எங்கள் ஆட்களின் படகுகள் பல கேரளப் பதிவெண் கொண்டவை என்பது பிறகுதான் எடுத்துச் சொல்லப்பட்டது. 1956இன் கோடு மறுபடி குறுக்கே வந்தது.

எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணும், பங்குகளில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். போனில் நூறு முறை முயன்று கேட்காத குரல், ரயிலை மறித்த பிறகு கேட்டது.

90 நாட்களும் 7 ஆண்டுகளும்

‘நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.’ பதிவு செய்த அந்தக் குரலை அந்த டிசம்பரில் எங்கள் கரை கேட்டதுபோல வேறு எந்தக் கரையும் கேட்டிருக்காது. கேலியாகத் தோன்றலாம், ஆனால் அந்தக் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லைக்கு வெளியே என்றால் எங்கோ இருக்கிறார் என்றுதானே பொருள்? ஐந்து வாரம் இதே குரலைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கடலுக்குப் போனால் இந்தக் குரல்தான் வரும், திரும்பி வந்தால் மாறும். எனவே கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

காணாமல்போனவரைப் பற்றி இரண்டு காலக்கெடுக்கள் உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ள முடிந்தது. ஒக்கிக்குப் பிறகு மீனவக் குடும்பங்கள் போராடி அந்தக் காத்திருப்பைச் சுருக்கின. காணாமல்போனவர்களுக்கும் நிவாரணம் கிடைத்தது. இன்னொரு கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு சிம்மை 90 நாட்கள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் அந்த எண்ணைச் செயலிழக்கச் செய்யலாம் என்பது விதி. பிறகு அது வேறொருவருக்குப் போகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நிவாரணத்துக்கான தாள்களில் கையெழுத்துப் போட்ட அம்மா, மகனின் எண்ணுக்கு மாதாமாதம் காசு போட்டுக்கொண்டிருந்தார். சிம் கடலோடு போய்விட்டது, காசு போட்டாலும் எண் நிலைக்காது என்று படித்த பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். ஒருநாள் கூப்பிட்டபோது யாரோ எடுத்தார்கள். இந்திக்காரன் குரல். அவர் போனை மடியில் வைத்துவிட்டு, “இப்பதான் தெரிஞ்சுது” என்றார். சான்றிதழ் அதற்கு முன்பே வந்து பெட்டியில் இருந்தது.

கேட்கலாம், பேச முடியாது

வழி இல்லாமலா இருந்தது? செயற்கைக்கோள் போன் என்பது நெடுநாளாக உள்ள பொருள். வளைகுடாவில் கடையில் கிடைக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் துராயா போன் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் அத்தகைய போனைப் பயன்படுத்தினார்கள், மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் கரைக்கு வந்தார்கள். அதன்பின் கெடுபிடி இறுகியது. அந்தத் தாக்குதலில் முதலில் உயிரிழந்தவர்கள் கடத்தப்பட்ட ‘குபேர்’ படகின் மீனவர்கள் என்பதை அந்தக் கெடுபிடியின்போது யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. 2017 மே மாதம் பிஎஸ்என்எல் அனுமதிபெற்ற செயற்கைக்கோள் போன் சேவையைத் தொடங்கியது, முதலில் அரசுத் துறைகளுக்கு. ஆறு மாதம் கழித்து ஒக்கி.

2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் இருக்கும் இடத்தையும் வாங்கி, படகிலுள்ளவரின் கைபேசியில் காட்டும். ரேஞ்சு தேவையில்லை. நல்ல கருவிதான். ஆனால் அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் பேச முடியாது. ‘புயல் வருகிறது, திரும்பு’ என்பது படகுக்கு வரும். ‘எஞ்சின் நின்னுபோச்சு, இன்ன இடத்துல நிக்கோம்’ என்பது கரைக்கு வராது.

பதில் சொல்ல வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதை அதற்கு அடுத்த ஆண்டே பார்த்தோம். 2020இல் கொரோனா முடக்கத்தில் ஈரானில் ஒப்பந்தப் படகுகளில் வேலை செய்த எங்கள் மாவட்ட மீனவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். துறையில் கட்டிய படகுக்குள்ளேயே தங்கி, தண்ணீரும் சாப்பாடும் குறைவதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். அந்தக் காணொளிகள் ஊரிலிருந்து செய்தித் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போயின. கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 687 பேரோடு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. நடுக்கடலில் மூழ்கியவனின் குரல் எட்டவில்லை, ஆயிரம் மைலுக்கு அப்பால் துறைமுகத்தில் நின்றவனின் குரல் எட்டியது. அங்கே ரேஞ்சு இருந்தது.

2024 ஆகஸ்ட் 30 அன்று 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 1 லட்சம் படகுகளுக்கு இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 360 கோடி ரூபாய்த் திட்டம். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே இயங்குவது. ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கரையில் கோபுரம் நட நிறுவனங்கள் போட்டி போட்டன. ஊரில் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் ரீசார்ஜ். கடலில் ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தில் சில நாட்கள். அவர்களுக்காக எந்த நிறுவனமும் எதையும் நடாது. சந்தை தன் லாபம் எட்டும் தூரம் வரை வந்து நின்றுகொண்டது, அதில் தவறு சொல்ல முடியாது. அதற்கு அப்பால் போகவேண்டியது அரசு. சாளையின் விலையைக் கரை கரையாகச் சொல்லும் போன் கோழிக்கோட்டுக் கரைக்கு 1997இல் வந்தது. காப்பாற்று என்று படகிலிருந்து சொல்லும் கருவிக்கான திட்டம் 2024இல் தொடங்கியது. நடுவில் 27 ஆண்டுகள். அந்த 27இல் ஏதாவது ஓர் ஆண்டில், 2017க்கு முன்பு, இது நடந்திருக்கலாம். தொழில்நுட்பம் இருந்தது.